ஐந்து மணி பஸ்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைப் பிரிக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரது நல்ல குணங்களைப் படிக்க எதிர்பார்ப்பீர்கள். அவையும் உண்டு. ஆனால் அக்கா கடைசிவரை சுமந்த ஒரு தவற்றை நான் மறைத்தால், அவரே வந்து என் காதைத் திருகுவார்.

அக்கா பிறந்தது மல்லாங்கிணற்றில். பலசரக்குக் கடை நடத்திய அப்பா திடீரென இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பள்ளிக்குப் போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்லு மாதிரிப் புள்ள" என்று ஊரே மெச்சியது. சின்னவளான நானும் பெருமைப்பட்டேன்.

எண்பதுகளில் திருச்சுழிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போனார். வீடு அருப்புக்கோட்டையில். மாலை ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழரைக்குத்தான்.

அங்கே முத்துமாரி என்றொரு மாணவி. பெற்றோர் கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள்; மாதக்கணக்கில் வெளியூரில் கிடப்பார்கள். அவள் தம்பிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, மணி அடிக்கும் முன்னே வந்து நிற்பாள். முகம் வாடாது. "இவளப் பாருங்க. இவளுக்கு இல்லாத கஷ்டமா ஒங்களுக்கு?" என்று அக்கா வகுப்புக்கே அவளைக் காட்டுவார்.

அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் மாலை வாசலில் தயங்கி நின்றாள்.

"டீச்சர், ஒன்னு சொல்லணும்."

பஸ் ஹாரன் கேட்டுவிட்டது. "நாளைக்குச் சொல்லுத்தா. நீதான் தைரியசாலியாச்சே, சமாளிச்சுருவ" என்றபடி அக்கா ஓடினார்.

"சரி டீச்சர்" என்று சிரித்தாளாம்.

அதன்பின் அவள் வரவில்லை. நான்காம் நாள் அக்கா தேடிப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா சொன்னார்: "மூட்டத்துல பொங்கிப் போட ஆளு வேணும்னு அப்பன் கூட்டிட்டுப் போயிட்டாரு. டீச்சர் வந்து பேசுனா அப்பா விட்டுருவாருன்னு சொல்லிட்டுத்தான் ஒங்ககிட்ட வந்துச்சு. நீங்க என்ன சொன்னீகளோ, திரும்பி வந்து பேசாமத் துணிய மடிச்சுச்சு."

கமுதிப் பக்கம், பரமக்குடிப் பக்கம் என்று மூட்டம் மூட்டமாக அக்கா தேடினார். கிடைக்கவில்லை. தேடி ஓய்ந்து திரும்பிய அன்றுதான், அப்பா போனதற்கும் சேர்த்து, அக்கா என் மடியில் விழுந்து அழுதார். இருபது வருடம் பிந்திய அழுகை.

பிறகு எந்தப் பிள்ளையையும் தைரியசாலி என்று அவர் சொன்னதில்லை. அழாமல் இருக்கும் பிள்ளையைத்தான் முதலில் அருகில் அழைத்து உட்காரவைப்பார். நோட்டுத் திருத்திக்கொண்டே, அது வாய் திறக்கும்வரை காத்திருப்பார். ஐந்து மணி பஸ் அது பாட்டுக்குப் போகும். மறுநாளே அப்பன்மாரிடம் போய்ச் சண்டை பிடிப்பார். அத்தான் முதலில் முணுமுணுத்தார். பிறகு தாமே உலை வைக்கப் பழகிக்கொண்டார். அப்படிப் படிப்பைத் தொடர்ந்த பிள்ளைகள் பலர். அதைச் சொல்லி நாங்கள் தேற்றினால், "அவ வரலையே" என்பார்.

நோயில் கிடந்த மாதங்களில் முகம் சுளிக்காமல் உதவிய மருத்துவருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய மாணவர்களுக்கும், ஏழரை பஸ்ஸில் அக்காவுக்கு இடம் பிடித்து வைத்த கண்டக்டர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கடைசி நாள்களில் அக்காவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கட்டிலருகே நின்ற என் கையைப் பிடித்து, "பஸ்ஸு போனாப் போகுது முத்துமாரி. நீ சொல்லுத்தா" என்றார்.

பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.