கேத்தலோடு வந்த டீச்சர்

தேநீர்க் கேத்தலின் மூக்கு வழியாக நோன்புக் கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி சுவீடன் டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்ற கோலம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வெயிலுக்காக்கும் என்று மாமி இரவல் கொடுத்த பூப்போட்ட முக்காடு தலையில். கன்னங்களில் உதட்டுச் சாயத்தால் தீட்டிய இரண்டு சிவப்பு வட்டங்கள். கக்கத்தில் வீடு கூட்டும் தும்புத்தடி. வயது அறுபதுக்கு மேல்.

அறுகம்பேயில் மாமா நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் நான் அறைப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. டீச்சர் அங்கே தங்க வந்திருந்தார். அந்த வருடம் ஈஸ்டர், எங்கள் ரமழான் நோன்பு மாதத்துக்குள் வந்தது. அன்று ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன். அன்றைக்குச் சூனியக்காரிகள் விளக்குமாற்றில் ஏறி ஒரு மலைக்குப் பறந்துபோய்ச் சாத்தானோடு விருந்துண்பார்கள் என்பது சுவீடனில் பழைய கதையாம். அதனால் அங்கே பிள்ளைகள் சூனியக்கிழவி வேடம் போட்டு, கேத்தலும் கையுமாக வீடு வீடாகப் போவார்கள். தாங்கள் வரைந்த படத்தைக் கொடுத்தால், வீட்டுக்காரர் கேத்தலுக்குள் மிட்டாய் போடுவார். பல வருடங்களாகத் தன் மாணவர்களுக்குக் கன்னத்தில் சிவப்புப் பூசிவிட்ட டீச்சருக்கு அன்று ஊர் ஞாபகம் வந்துவிட்டது. வேடம் போடப் பிள்ளைகள் இல்லை. தானே புறப்பட்டுவிட்டார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கையில், பாத்திரம் ஏந்தி வாசலில் நிற்பவரிடம் எங்கள் தெருப் பெண்கள் கேள்வியா கேட்பார்கள்? முதல் வீட்டில் கஞ்சி ஊற்றினார்கள். அடுத்த வீட்டில் பேரீச்சம்பழம். மாமாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மூன்றாம் வீட்டு ராத்தா, டீச்சரைக் கையோடு எங்களிடமே கூட்டிவந்துவிட்டார்.

"என்ன காக்கா, இந்த மனிசிக்குச் சாப்பாடு குடுக்கிறல்லயா? கேத்தலத் தூக்கித்து வீடு வீடாத் திரியுதே!"

மாமாவுக்கு மானம் போயிற்று. தன் குசினிச் சமையலைப் பற்றிப் பெருமையடிக்காமல் அவருக்கு ஒரு நாளும் விடியாது. நான் டீச்சரிடம் ஆங்கிலத்தில் விசாரித்து, மாமாவின் காதுக்குள் விஷயத்தைச் சொன்னேன்.

"சூனியக்காரியா?"

"மெதுவாக் கதையுங்க மாமா. வேசந்தான்."

உண்மையைச் சொன்னால் மாமாவின் பெயர் தப்பும். ஆனால் விடியற்காலை ஸஹர் சாப்பாட்டுக்கு முன்பே பொத்துவில் டவுன் வரைக்கும் டீச்சர் சூனியக்காரியாகிவிடுவார். அவரோ ஒன்றும் அறியாமல், கேத்தலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் புள்ள," என்று தொண்டையைச் செருமினார் மாமா. "இண்டைக்குச் சமைக்கக் கொஞ்சம் சுணங்கித்து."

ராத்தா போனதும் என் பக்கம் திரும்பினார். "நோன்பு வாயால பொய் சொல்ல வெச்சித்தீங்களே, ரெண்டு பேரும்!"

ஞாயிறன்று டீச்சர் முருங்கைக் கொப்பொன்றில் வண்ணக் கோழி இறகுகளைக் கட்டி முன் மேசையில் வைத்தார். ஈஸ்டருக்கு அவர்கள் வீடுகளில் அப்படித்தானாம். இறகைக் கண்டால் ஊர் சூனியம் என்றுவிடும் என்று மாமா கொப்பைக் குசினிக்குள் ஒளித்தார். பிறகு டீச்சர் முட்டைகளை அவித்து, ஓட்டில் பூவும் மீனும் வரைந்து, நோன்பு திறக்கும் நேரத்துக்கு அந்த மூன்று வீடுகளுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "காக்கா, பாவம் அந்த மனிசி. வெறும் அவிச்ச முட்டையா குடுக்கிறீங்க? அதையும் எங்களுக்கெல்லோ தந்துத்துப் போகுது!"

மாமா அதற்கும் ஓம் என்று தலையாட்டினார்.

இப்போதும் டீச்சர் வருகிறார். வருவதாக மின்னஞ்சல் வந்தால் மாமா என்னிடம் ஒன்றுதான் கேட்பார்: "எத்தின நாள் எண்டு பிறகு சொல்லு. அதுக்குள்ள பெரிய வியாழன் வருமா?"