அம்மாவின் கதிரைக்குள் இருந்த குதிரைமயிர்

பிள்ளைகளே, உங்கள் தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு இடுப்பு வலி விடவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பால் கொடுக்க ஏலாமல் பாதியில் எழும்பிவிடுவார். அவருக்குச் சரிவந்தது ஒரே ஒரு கதிரைதான். துறைமுகப் பக்கத்துப் பழைய பங்களா ஒன்றை ஒழித்துக் காலியாக்கியபோது எனக்குக் கிடைத்தது அது. அதிலும் நடுவில் பள்ளம் விழுந்து பலகை குத்தத் தொடங்கியது.

ஸ்பஞ்ச் போடலாம் என்று இருக்கையைப் பிரித்தேன். உள்ளே கறுப்பும் பழுப்புமாகச் சுருள்சுருளாய்க் குதிரைமயிர். வாலிலும் பிடரியிலும் வெட்டிய மயிரைக் கயிறாக முறுக்கி, அவித்து, காயவைத்துப் பிரிப்பார்களாம். அந்தச் சுருள் பிறகு போகாது. அமத்தினால் அமரும், கையை எடுத்தால் எழும்பும். முதுகுப் பக்கத்துக் கறுப்புத் துணியும் வால்மயிரில் நெய்ததுதான். பருத்தி நூலுக்குக் குறுக்கே மயிரை வைத்து நெய்வதால், வால் எவ்வளவு நீளமோ துணி அவ்வளவுதான் அகலம். எத்தனை பேர் சாய்ந்திருப்பார்கள், ஒரு கிழிசல் இல்லை.

ஸ்பஞ்சை விட்டு மயிரையே திரும்பப் போட நினைத்தேன். உள்ளே இருந்த அந்த மயிரில்தான் அழுக்கு. வந்திருந்த உங்கள் மாமா, "தாங்கோ அத்தான், நான் அலசிக்கொண்டு வாறன்" என்று சாக்கில் கட்டிக் கொண்டுபோனார். கடற்றொழில் செய்கிறவர் அல்லவா, வலையைப்போல அதையும் கடலில் அலசி, காயவைத்துக் கொண்டுவந்தார். நான் திணித்துத் தைத்தேன்.

பகலில் நன்றாக இருந்தது. பின்னேரம் கடற்காற்று வர, இருக்கை ஈரமானது.

"உங்கட மோன்தான் மூத்திரம் பெய்ஞ்சிருப்பான், அக்கா" என்றார் மாமா.

"அவன் ஏணைத் தொட்டிலுக்குள்ள கிடக்கிறான்." அம்மா ஒரு மயிரை இழுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இதை எங்க கழுவினனீ?"

"கடலிலதான். வேற எங்க?"

"உப்பு அப்பிடியே கிடக்கு. வலைக்குக் கடல்தண்ணி போதும். நான் இதில இருக்க வேணுமே."

"அப்ப கதிரையைத் தோணியில ஏத்துவம்."

உப்புத்தான் காற்றின் ஈரத்தை இழுத்தது. மயிரில் பிழை இல்லை. மாமா கிணற்றுத் தண்ணீர் அள்ள, நான் சவர்க்காரம் போட்டு அலசினேன். அம்மா நாக்கில் வைத்து, "இன்னும் கரிக்குது" என்று சொல்லச் சொல்லத் திரும்பவும் அலசினோம். இவ்வளவு அலசலுக்கு ஸ்பஞ்ச் என்றால் பொடிந்திருக்கும். இது நிழலில் காய்ந்து, விரலால் பிரிக்கப் பிரிக்கப் பொங்கி எழும்பியது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மீண்டும் தைத்த அன்று பின்னேரம் கடற்காற்று வரும்வரை காத்திருந்தோம். அம்மா இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தம்பியோடு உட்கார்ந்தார். அவன் வயிறு நிறையக் குடித்து, மடியிலேயே நித்திரையானான்.