செஞ்சி வரை வந்த மிருகம்

எனக்கு அறுபத்து மூன்று வயது முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, ஐந்தையும் நானே வளர்த்து ஆளாக்கினேன். படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனாலும் இதை யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. நாலு நாளாக நானே உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் கடைசி மகள் பாப்பாவைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. அப்போது செங்கம் சாலையில் ஒரு டென்ட் கொட்டகை இருந்தது. மணல் தரை, நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். சின்னப் பெண் என்பதால் நான் அப்பாவோடு ஆண்கள் பக்கம்தான் உட்காருவேன்.

அந்தக் கொட்டகைக்கு வருடத்துக்கு ஒன்றாக ஒரு ராட்சத மிருகத்தின் படம் வரும். மிருகம் ஒன்றுதான், படம்தான் வேறு வேறு. கடலிலிருந்து எழுந்து வரும், ஊர்களை மிதிக்கும், வாயால் நெருப்புக் கக்கும். பேச்சு முழுக்க இங்கிலீஷ். அப்பாவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. அது அவருக்கு ஒரு குறையாகவும் இருந்ததில்லை. வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலை, உரித்து என் கையில் போட்டபடியே காதுக்குள் கதை சொல்லிக்கொண்டு வருவார்.

அவர் சொன்ன கதையில் மிருகம் கெட்டது இல்லை. நம் மலைமேல் எரிகிற கார்த்திகை தீபம் கடலுக்கடியில் இருந்த அதன் கண்ணில் பட்டுவிட்டது. அதைக் கிட்டத்தில் பார்க்கத்தான் கிளம்பி வருகிறது. காலோ பெரிசு, ரோடோ சின்னது. வழியில் ஊர் நசுங்கினால் பாவம் அது என்ன செய்யும்? முதல் படத்தில் அது கரையேறிய ஊர் பாண்டிச்சேரி. இரண்டாவதில் இடிந்தது திண்டிவனம். மூன்றாவதில் ஒரு கோட்டை சரிந்தது. “செஞ்சி வந்துட்டுதும்மா. கீழ்பென்னாத்தூர் தாண்டிட்டா நம்ம ஊருதான்” என்றார் அப்பா.

அடுத்த படத்தில் அது இங்கே வரப்போகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

“வந்தா உங்க ஊட்டுக் கூரை இன்னாடி ஆவும்?” என்றாள் அத்தை மகள்.

“எங்கப்பா அதுங்கிட்ட பேசிக்குவாரு” என்றேன்.

நாலாவது படம் வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் நான் வயதுக்கு வந்து, தாவணியும் போட்டுவிட்டார்கள். கொட்டகை வாசலில் வழக்கம்போல அப்பா பின்னால் போனேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்கடி போற? இனிமே ஆம்பளைங்க பக்கம் இன்னா வேல உனக்கு?”

அப்பா துண்டில் முடிந்திருந்த மல்லாட்டை முழுவதையும் என் தாவணியில் கொட்டிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.

படம் ஓடியது. யார் யாரோ இங்கிலீஷில் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவழியாக மிருகம் வந்தது. திரும்பும்போது அதன் முதுகில் மடிப்பு விழுந்தது. உள்ளே ஒரு ஆள் நடப்பது நன்றாகத் தெரிந்தது. மிதிபட்ட வீடுகள் அட்டை வீடுகள்.

“வால்ல தையல் தெரியுதுடி!” என்று அத்தை மகள் கத்த, பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திரையில் வந்த ஒவ்வொரு மலையையும் எங்கள் மலையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த மிருகம் திரும்பி, வந்த கடலிலேயே இறங்கிப் போய்விட்டது.

“எங்கடி உங்க விருந்தாளி? பஸ்ச உட்டுட்டாரா?” என்றாள் அவள்.

வெளியே அப்பா எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். “ஏம்ப்பா அது வரல?” என்றபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வந்துச்சேம்மா! நீ பாக்கல? மலையாண்ட வந்து நின்னுச்சு. நின்னு இன்னா பண்ணுச்சுன்னா...”

“பொய்! கண்ணு கொட்டாம பாத்தேன். உள்ள ஆளுதான் இருந்தான்.”

“கேளும்மா, அப்புறம் அது...”

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மா பக்கம் ஓடிவிட்டேன்.

அதற்கப்புறமும் அந்த மிருகத்தின் படங்கள் வந்தன. நாங்கள் போகவில்லை. படம் மட்டம் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தைய மூன்றிலும் அதே ஆள்தான், அதே அட்டை வீடுகள்தான் இருந்திருக்கும் என்பது அந்த வயதில் தோன்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து, படம் முடியும்வரை ஒரு மனிதர் எனக்காகக் கதையைச் சேர்த்துவைத்துக்கொண்டு வெளியே வந்தார் என்பதும் தெரியவில்லை. பதினேழில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அது மலையிடம் வந்து நின்று என்ன செய்தது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

பாப்பா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா. எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். முதலிலிருந்து படி, கேட்கிறேன்.