உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

முப்பத்தாறு வயதில்தான் நான் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பெண்கள் கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. நான் வர்க்கலையில் ஒரு பயிற்சிக்குப் போய், பலகையின் மேல் மூன்று நொடி நின்றுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு விட முடியவில்லை.

என் கணவர் மரவேலை செய்பவர். நீச்சல் தெரியாது. நான் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் கரையில் என் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். காற்று எழும்புவதற்கு முன், விடிந்த கையோடு அலை நன்றாக இருக்கும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் கொச்சியிலிருந்து நடுராத்திரியே கிளம்பியாக வேண்டும். ஒருமுறை திரும்பி வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே அவர் கண்ணயர்ந்துவிட்டார். எதிரே வந்த லாரியின் ஹாரன் சத்தத்தில்தான் விழித்தார். ஊருக்குள் நுழையும் வைட்டிலா சிக்னலில் நின்றபோது, "இனி அங்கேயே படுத்து எழுந்து வர்ற மாதிரி ஒரு வண்டி வேணும்" என்றார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய வேன் கிடைத்தது. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, அவர் மரப்பெட்டி அடித்துக் கொடுக்கும், சுக்கு மூட்டை அடுக்கும் கோடவுனின் முற்றத்தில் நிறுத்தினோம். மழைக்காலம் முழுக்கக் கடல் கொந்தளிப்பாகத்தான் இருக்கும், அதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்பது கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. தரைக்குப் பிளைவுட், அதன்மேல் கட்டில், கட்டிலுக்கு அடியில் என் பலகையை நீளவாக்கில் தள்ளி வைக்க ஒரு இடம். கட்டில் நீளமாகப் போனதால் பின்கதவு அடைபட்டது. தூசி வராமலிருக்க ஜன்னல்களை மூடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்புப் பலகை அடித்தார். மிச்சமிருந்தது பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு ஒன்றுதான். அதன் உட்புறக் கைப்பிடி துருத்திக்கொண்டு நின்றதால், கதவின் உட்பக்கம் அடிக்க வேண்டிய பலகை சமமாக உட்காரவில்லை.

"இதைக் கழட்டிடுறேன். பெறகு மாட்டிக்கலாம்" என்றார்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அன்றைக்கு மதியம் மழை பிடித்துக்கொண்டது. சூடு இறங்காமலிருக்கக் கூரையின் உட்பக்கம் பஞ்சு ஷீட் ஒட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மஞ்சள் பசை. மூடியைத் திறந்தாலே கண் எரியும். அவருக்கோ இரண்டு நாளாக ஜலதோஷம், மூக்கு முழுக்க அடைப்பு. ஷீட் நனையாமலிருக்க என்னைக் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். சாத்திவிட்டு, சாயா எடுத்துவர வீட்டுக்குப் போனேன்.

திரும்பும்போது பயிற்சியில் பழக்கமான தோழி போன் செய்தாள். ஒரு அரிசிக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று பேசினேன். வர்க்கலையில் கூட்டம் இல்லாத ஒரு கரையைப் பற்றிச் சொன்னாள். நான் சிரித்தேன். இருபது நிமிஷம் இருக்கும். பிளாஸ்க்கில் சாயா ஆறுகிறதே என்ற கவலை மட்டும்தான் அப்போது எனக்கு.

முற்றத்துக்கு வந்து கதவைத் தட்டினேன். பதில் இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்தேன். "என்னங்க, சாயா" என்றேன். கதவை இழுத்தேன். நான்கு விரல் அளவு நகர்ந்து நின்றுவிட்டது. காலையில் கதவின் உட்பக்கம் அடித்த பலகை இறங்கி, எங்கோ இடித்துக்கொண்டிருந்தது. அந்த இடுக்கு வழியாக வந்த வாடையில் தலை பின்னுக்குப் போனது. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவருடைய ஒரு கால் தெரிந்தது. அசையவில்லை.

நான் கத்தியது என் குரல் போலவே இல்லை. கோடவுனில் மூட்டை தூக்கும் சேட்டன் ஓடிவந்தார். கையிலிருந்த சாக்குக் கொக்கியை இடுக்கில் மாட்டி, காலை வண்டியில் உதைத்து நிறுத்திக்கொண்டு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பலகை பிளந்து கதவு திறந்தது. என் கணவர் கட்டிலின் மேல் ஒருக்களித்துக் கிடந்தார். பிரஷ் இன்னும் கையில் இருந்தது, விரல்களோடு ஒட்டிப்போய்.

இருவருமாகத் தூக்கி மழையிலேயே கிடத்தினோம். "சேச்சி, கூப்பிடு, பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்று அந்த மனிதர் பதறினார். பதினோரு வருஷக் குடித்தனத்தில் நான் என் கணவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மழைத்தண்ணீர் வாய்க்குள் போனதும் இருமினார். பிறகு வாந்தி எடுத்தார். அந்த வாந்தியைப் பார்த்து நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து மறுநாள்வரை படுக்கவைத்தார்கள். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று டாக்டர் கேட்டார். "தெரியாது" என்று சொன்னேன். தெரிந்துதான் இருந்தது. போனில் எத்தனை நிமிஷம் பேசினேன் என்று அதுவே காட்டியது.

சாயங்காலம் அவர் பேசினார். "தலை சுத்தினதும் வெளியே வரலாம்னு கதவைத் தடவினேன். கைப்பிடி இல்லைங்கிறது ஞாபகத்துக்கே வரல. நான்தானே கழட்டினேன்? ஆனா யாரோ என்னை உள்ளே வச்சுப் பூட்டிட்டாங்கன்னு தோணிச்சு."

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த முற்றத்துப் பக்கமே நான் போகவில்லை. வீட்டில் குளியலறைக் கதவைக்கூடத் தாழ் போட முடியவில்லை. அவர் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். வண்டியை விற்றுவிடலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார், ஆனால் அவரும் உள்ளே ஏறவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

கடைசியில் ஒரு நாள் நானே போனேன். டப்பாவில் கிடந்த பழைய கைப்பிடியைத் தேடி எடுத்தேன். அவர் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து எந்த ஸ்க்ரூ எங்கே என்று சொல்லிக்கொண்டே இருக்க, நான் மாட்டினேன். வேலை செய்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல், போனில் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

அவர் எட்டிப் பார்த்து, "மேல் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றார். இன்றுவரை அதைப் பற்றி அவர் கேட்டதில்லை. தடுப்புப் பலகையை எடுத்துவிட்டோம். கட்டிலைக் குட்டையாக்கிப் பின்கதவு திறக்கும்படி செய்தார். கூரையில் காற்று வர ஒரு துவாரம் வெட்டினார். எல்லாம் கதவைத் திறந்து போட்டுத்தான்.

ஐப்பசியில் வர்க்கலைக்குப் போனோம். அந்த இரவு இருவரும் தூங்கவில்லை. கதவை ஒரு சாண் திறந்து வைத்ததில் கொசு பிடுங்கித் தின்றது. மூடலாம் என்று இருவருமே சொல்லவில்லை. விடிந்ததும் பலகையோடு இறங்கினேன். அலை நன்றாகத்தான் வந்தது. நான் முதுகைக் கடலுக்குக் காட்டி வேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாரோ? கரையில் அவரைக் காணவில்லை. பின்னால் வந்த அலை என்னைப் புரட்டிப் போட்டது. உப்புத் தண்ணீர் குடித்து, முழங்கை சிராய்த்து, மணலில் வந்து விழுந்தேன்.

எழுந்து ஓடினேன். அவர் வேனின் மறுபுறம் ஸ்டவ்வைப் பற்றவைத்து, காற்று படாமல் குனிந்து மறைத்துக்கொண்டிருந்தார்.

"ரத்தம் வருதே" என்றார்.

"ஒண்ணுமில்லை. சாயா போடுங்க" என்று சொல்லி, அவர் பக்கத்திலேயே நனைந்த உடையோடு உட்கார்ந்தேன். அன்றைக்கு மறுபடி தண்ணீரில் இறங்கவில்லை.