சும்மா கிடைத்த பதில்கள்

கிரண் ரோஜா மாலையோடு மாடிப்படி ஏறி வந்தபோது நிர்மலாவின் அழுகை நின்றுபோனது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் குடித்தனம், மற்றதில் அலுவலகம். ராமாபுரத்திலிருந்து மைசூருக்குப் படிக்க வந்த நிர்மலாவும் அவள் கணவர் மாணிக்கவாசகமும் அங்கே இருந்துகொண்டுதான் ஒரு மருத்துவமனை மென்பொருளை வளர்த்தார்கள். நோயாளிப் பதிவு, மருந்து இருப்பு, பில் எல்லாம் அதில் அடக்கம். ஓபன் சோர்ஸ் எனப்படும் திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். ஆண்டுப் பராமரிப்புக்கு மருத்துவமனைகள் கொடுத்த பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. செய்த திருத்தத்தை அன்றைக்கே இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடுவார் மாணிக்கவாசகம்.

கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்த கிரண் இதைப் பார்த்தான். அதே மென்பொருளுக்கு அவனும் பராமரிப்பு விற்கத் தொடங்கினான், பாதி விலைக்கு. அவனால் முடியும். ஒரு வரி நிரல்கூட எழுதுவதில்லை; ஃபோன் எடுக்க ஆள் இருந்தால் போதும். எழுதும் செலவு இவர்களுக்கு, விலை குறைக்கும் சவுகரியம் அவனுக்கு. ஒவ்வொரு மருத்துவமனையாக அவன் பக்கம் சாய்ந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றின் கணக்கு அதிகாரி பசவராஜ் நிர்மலாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாமான் ஒண்ணுதானே மேடம்? கம்மி ரேட்டு சொல்றவங்களுக்குத்தானே குடுக்கணும்?"

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கிரணின் ஆட்களுக்குத் தீராத சிக்கல் வந்தால், பயனர்களுக்கான பொதுக் குழுவில் கேள்வி போடுவார்கள். மாணிக்கவாசகம் பதில் எழுதுவார். சும்மா.

"ஏனுங்க, அவன் காசு வாங்கற வேலைய நீங்க செஞ்சு குடுக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?"

"மருந்துக்கு வரிசைல நிக்கறவன் கிரணோட ஆளா நிர்மலா?"

"நம்ம வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடறது யாரு? அந்த வரிசைல நிக்கறவனா?"

அவர் சிரித்துவிட்டு மறுபடியும் திரைக்குத் திரும்புவார். வருமானம் குறைய, சம்பளத்துக்கு இருந்த ஆட்களையும் அனுப்பிவிட்டு மூன்று பேர் வேலையை ஒருவராகச் செய்தார். நெஞ்சுவலியை வாயு என்று தள்ளிக்கொண்டே வந்தவர், ஒரு காலையில் மேசையிலேயே சாய்ந்துவிட்டார்.

நாலாம் நாள் கிரண் வந்தான். படத்துக்கு மாலை போட்டான். பாயில் உட்கார்ந்தான்.

"மனசு பேஜார் பண்ணிக்காதீங்க அக்கா. அண்ணன் மாதிரி ஆளு இனி எங்க?" ஃபோனை எடுத்துப் பார்த்தான். "மருந்துக்கு வரி ரேட்டு மாறுதில்ல அக்கா? அண்ணன் அந்தத் திருத்தத்த முடிச்சு வச்சிருந்தாரா? எங்க ஆஸ்பத்திரிங்க எல்லாம் ஃபோன் மேல ஃபோன். ஒண்ணும் அவசரமில்ல."

அவன் எழுந்தான்.

"சரி அக்கா, நாளைக்கு வரேன்."

துக்க வீட்டில் யாரும் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் எழுந்து போவதுதான் முறை. மூலையில் இருந்த பூவாத்தாள் பெரியம்மா வெடித்தாள்: "எழவு ஊட்டுல வரேங்கறான் பாரு! இன்னொரு எழவுக்கா?"

"அதுக்குத்தான் வரான் பெரியம்மா. இவரு போனா என்ன, சும்மா செஞ்சு குடுக்க இன்னொருத்தி இருக்கறாளே!" நிர்மலா அவன் பக்கம் திரும்பினாள். "போன வாரமே முடிச்சாச்சு. நான்தான் முடிச்சேன். எங்க ஆஸ்பத்திரிங்களுக்கு மட்டும் போயிருச்சு, இந்தத் தடவை நெட்டுல பொதுவா வைக்கல. உனக்குக் கிடையாது."

"அக்கா, இது ஓபன் சோர்ஸ்…"

"ஆமா, தொறந்துதான் கெடக்குது. உக்காந்து படி. எழுது. எவன் வேண்டாம்னான்?"

"உங்க ஆஸ்பத்திரில ஒருத்தரக் கேட்டா குடுத்துருவாங்க. லைசென்ஸ்ல தப்பில்ல."

"வாங்கிக்கோ. அடுத்த தடவை எவன் சாவான்னு பாத்துட்டு இரு!"

இந்த முறை அவன் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

மத்தியானம் நிர்மலா பொதுக் குழுவைத் திறந்தாள். கிரணின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள்: "அன்புள்ள மாணிக்கவாசகம் சார், புதிய வரிக்கான திருத்தம் எப்போது வரும்? மிக அவசரம்."

மாலையோடு வரத் தெரிந்தவனுக்குத் தன் ஆட்களிடம் சாவைச் சொல்லத் தோன்றவில்லை.

நிர்மலா பதில் எழுதினாள்: "மாணிக்கவாசகம் இறந்துவிட்டார். உங்கள் மருத்துவமனைகளிடம் பராமரிப்புக்குப் பணம் வாங்குபவர் கிரண். அவரிடம் கேளுங்கள்."

அனுப்பினாள். அந்தக் குழுவில் கிரணின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இருந்தார்கள்.