கூண்டு ஏற்றிய தீபாவளி

எங்கள் வீட்டு மாப்பிள்ளை துறைமுகத்தில் பைலட். வெளியிலிருந்து வரும் கப்பலை உள்ளே கொண்டுவந்து கட்ட வைப்பதும், கட்டிய கப்பலை அவிழ்த்து வெளியே கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. எவ்வளவு பெரிய கப்பலானாலும், எந்த தேசத்துக் கேப்டனானாலும், பைலட் ஏறாமல் அந்தத் துறைமுகத்துக்குள் அசையக் கூடாது. வெள்ளைக்காரன் கட்டிய துறைமுகம் அது. அவன் எழுதி வைத்த சட்டங்களில் பாதி இன்றைக்கும் அப்படியே நடக்கின்றன என்பார் மாப்பிள்ளை.

பெண் பார்க்க வந்த அன்று, "கப்பல் கேப்டனுதுங்க மாமா, வழி மட்டும்தான் எங்களுது" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் ஒன்பதாவதோடு நின்றவன். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பும் நெல்லும் வைத்துப் பிழைக்கிறேன். ஆனாலும் தன்னுடையது எது, அடுத்தவனுடையது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆள் நல்ல ஆளாகத்தான் இருப்பான் என்பது எனக்குத் தெரியும்.

ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் தலை தீபாவளி. மகள் நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். மாப்பிள்ளை தீபாவளிக்கு முந்தின நாள் வருவதாக ஏற்பாடு. என் வீட்டுக்காரி அதிரசம் சுட்டு அடுக்கிவிட்டாள். கள்ளக்குறிச்சிக்குப் போய் வேட்டி சட்டை எடுத்து வந்தேன். மச்சான், அதாவது வீட்டுக்காரியின் தம்பி, குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டான். வானம் மட்டும் சரியில்லை.

கடலூர், நாகை என்று ஊர் பெயர்களை வரிசையாகச் சொல்லி, துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பார்களே, அதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அது கடற்கரைக்காரர்களுக்குச் சொல்கிற சேதி. நமக்கு அதன் அர்த்தம் மழை வரும், கரும்பைச் சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த வருஷம்தான் அந்தச் சேதி நேராக எங்கள் வீட்டுக்கே வந்தது.

முந்தின நாள் விடிந்ததும் மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, கூண்டு நம்பர் ஏறிக்கினே போவுது. இப்ப கிளம்ப முடியாதுங்க."

"தலை தீபாவளிங்க மாப்ள. மேல இருக்கறவங்களாண்ட சொல்லிப் பாருங்க."

"மேலயும் அதே சட்டம்தாங்க. உள்ள நிக்கிற கப்பலையெல்லாம் வெளிய அனுப்பணும். கடைசிக் கப்பல் போற வரைக்கும் பைலட்டு யாரும் நகரக் கூடாது. அத்த அனுப்பிட்டு உடனே பஸ் ஏறிடறேன்."

கடைசியாகச் சொன்ன 'பஸ் ஏறிடறேன்' மட்டும்தான் என் மனசில் நின்றது. வீட்டுக்காரியிடம் அதைத்தான் சொன்னேன்.

மத்தியானம் மகளுக்குப் போன் வந்தது. துறைமுகத்து ஆபீஸிலிருந்து மாப்பிள்ளையோடு வேலை செய்பவர் பேசினார். கேட்டுவிட்டு அவள் எங்களுக்கு நிதானமாகச் சொன்னாள். கடைசிக் கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டாயிற்று. அதற்கப்புறம் பைலட் கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணியில் இறங்கி, கீழே ஒட்டி வரும் படகில் காலை வைக்க வேண்டும். அலை பெரிது. படகு ஒரு நேரம் ஏணிக்கு மேலே வருகிறது, மறு நேரம் பள்ளத்துக்குள் போய்விடுகிறது. அந்த மாதிரி சமயத்தில் இறங்கக் கூடாது என்பது சட்டம். படகு வெறுமனே திரும்பிவிட்டது. கப்பலோடு அவரும் போய்விட்டார்.

"போய்ட்டார்னா எங்கடி?" என்றாள் அவள் அம்மா.

"கடலுக்குள்ளம்மா."

மச்சானுக்கு எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்று தெரியாது. "இன்னா மாமா இது! எல்லா ஊர்லயும் மாப்ள பொண்ண இட்டுக்கினு போவாரு. இங்க கப்பலு மாப்ளய இட்டுக்கினு பூடுச்சே."

"வாய மூட்றா, தலையில கொட்டிடப் போறேன்" என்றாள் அவன் அக்கா. கொட்டவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்தது ஒரே இடம். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறித் திருக்கோவிலூருக்குப் போனேன். ஒரு காலை வானத்துக்குத் தூக்கி உலகத்தை அளந்து நிற்கிற பெருமாள் முன்னால் கைகூப்பி நின்றேன். "அந்தக் கப்பலைக் கரைப் பக்கம் திருப்பிவிடு சாமி. என் பொண்ணு முகத்தைப் பாரு. கப்பல் கரைக்கு வந்துட்டா, என் வீட்டிலேருந்து உன் வாசல் வரைக்கும் நடந்தே வரேன்" என்று வேண்டிக்கொண்டேன். மனசு லேசாயிற்று. துளசிப் பிரசாதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மகள் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இன்னான்னு வேண்டிக்கினப்பா?" என்றாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ அப்பா! புயல் அடிக்கிறப்ப கப்பல் கரைக்கு வந்தாத்தான் ஆபத்தே."

"இன்னாம்மா சொல்ற? புயல்னா எல்லாரும் கரைக்குத்தான வருவாங்க?"

"ஆளுங்க வருவாங்க. கப்பல் வரக் கூடாது. உள்ள கட்டி வெச்சா கல்லுச் சுவர்ல மோதி மோதி உடைஞ்சிடும். கரையோரமா நின்னா நங்கூரத்த அறுத்துக்கினு தரை தட்டிடும். அதுக்குத்தான் கூண்டு ஏத்தினதும் வெளிய தொரத்துறாங்க. நடுக்கடல்ல இடம் ஜாஸ்தி, அலைக்கு மூஞ்சியக் காட்டினு நின்னுக்கும். இவரே எனக்கு எத்தினி வாட்டி சொல்லிக்கிறாரு."

எனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. பெண்ணையாற்றில் வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் நாங்கள் முதலில் செய்வது என்ன? கட்டுத்தறியிலிருந்து மாட்டை அவிழ்த்து விடுகிறோம். கட்டிக் கிடக்கிற மாடுதான் சாகும். அவிழ்த்து விட்டது மேட்டைத் தேடிப் போய்விடும். இதைத் தெரிந்து வைத்திருந்தும், கடல் என்றதும் மறந்துபோய், அவிழ்த்த மாட்டைத் திரும்பக் கட்டச் சொல்லிச் சாமியிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"பெருமாளுக்குத் தெரியாதாங்க? வுடுங்க" என்றாள் வீட்டுக்காரி. என்னால் விட முடியவில்லை. தீபாவளி அன்று காலை, ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கும்போது, நான் முதல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அர்ச்சகர் என்னைப் பார்த்ததும், "நேத்துதானே வந்தீர்?" என்றார். விவரம் சொன்னேன். சிரித்துவிட்டார். "அவர் உலகத்தையே அளந்தவர். கடலை அளக்காமலா விட்டிருப்பார்? நீர் வந்து திருத்திச் சொல்லணுமா?"

"அவருக்குத் தெரியும் சாமி. ஆனா தப்பாக் கேட்டது என் வாய். அந்த வாயாலதான மாத்திச் சொல்லணும்?"

அவர் கற்பூரம் ஏற்றிக் காட்டினார். "தூரமாவே வெச்சிரு சாமி. எவ்ளோ தூரம்னு உனக்குத் தெரியும். காத்து அடங்கின பிறகு கரைக்குக் கொண்டா" என்று வாய்விட்டே சொன்னேன். இதற்கும் ஒரு நடை நடந்து வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தால், மகள் தலை குளித்துப் புதுப்புடவை கட்டிக்கொண்டு மச்சான் பிள்ளைகளுக்கு இட்லி வைத்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டு அம்மா என் காதுபடவே, "மாப்ள கடல்ல கெடக்கறாரு, இவளுக்குப் புதுப்புடவ கேக்குதா?" என்றாள். என் மகள் விடவில்லை. "அவரு நல்லா இருக்காரு அத்தே. நல்லா இருக்கறவருக்கு நான் ஏன் அழுவணும்? இந்தாங்க, அதிரசம் சாப்பிடுங்க."

அன்று ராத்திரி புயல் கரையைக் கடந்ததாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கரும்பு சாய்ந்தது, கரண்ட் போனது. பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டுவிட்டு வந்தவனுக்கு ஒரு தெம்பு உண்டு. அந்தத் தெம்பில்தான் படுத்தேன், தூங்கவும் செய்தேன்.

அதற்கடுத்த நாள் மாப்பிள்ளையே பேசினார். வடக்கே வேறொரு துறைமுகத்தில் இறங்கிவிட்டாராம். மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாற்றுத் துணி இல்லாமல், கப்பலில் யாரோ கொடுத்த நீளக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா மாப்ள, தலை தீபாவளியக் கடல்லயே முடிச்சிட்டீங்களே. அங்க மாமியாரு யாரு?" என்றான் மச்சான்.

"மாமியார் இல்லீங்க, சமையக்காரர்தான். மூணு வேளையும் முட்டையேதான்."

சாப்பிட்டு முடித்த பிறகு மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். "துறைமுக எல்லையத் தாண்டிட்டா என் பேச்சு செல்லாதுங்க மாமா. அப்புறம் நானும் ஒரு சரக்குதான். தீபாவளி அன்னிக்குக் காலைல கேப்டன் கரைப் பக்கமாத் திரும்பிடலாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சாரு. நான் வாயத் தொறக்கல. அப்புறம் அவரே, வேணாம், இன்னும் வெளிய போயிடலாம்னுட்டாரு."

காலையில் எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையும் இல்லை.

மறுநாள் விடியும்போதே துறைமுகத்திலிருந்து அவருக்குப் போன். கூண்டை இறக்கிவிட்டார்கள், வெளியே கப்பல்கள் காத்து நிற்கின்றன, உள்ளே கொண்டுவர ஆள் வேண்டும். புது வேட்டியை ஒரு நாள்தான் கட்டினார். வீட்டுக்காரிக்கு மனசே இல்லை. நான்தான் வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்ததும் அவள் கேட்டாள். "நடந்து வரேன்னு வேண்டிக்கினீங்களே, மொத வேண்டுதலுக்கா, ரெண்டாவதுக்கா?"

"ரெண்டுக்கும்தான். ரெண்டும் நடந்துதே. தூரமா நிக்க வெச்சிட்டு, அப்புறம் கரைக்குக் கொண்டாந்தாரு. நான் கேட்ட வரிசைதான் தப்பு."

சனிக்கிழமை ஒரு நடை போனேன். அடுத்த சனிக்கிழமை இன்னொரு நடை. இரண்டாவது தடவை மகளும் கூட வந்தாள். பெண்ணையில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.