ஐந்தாவது செட்டில் என்னை உள்ளே கூப்பிட்டார்

அரிப்பில்தான் தொடங்கியது. பொங்கல் முடிந்த வாரம். என் கணவர் குமரேசன் டிவியில் கண்ணை வைத்தபடியே முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து சோப்பை மாற்றினேன். அப்புறம் பார்த்தால் கண் மஞ்சளாக இருந்தது.

இரும்புலியூரில் எங்கள் தெருவில் ஆளுக்கு ஆள் வைத்தியர். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் எங்களுக்குப் பயமும் இல்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலியில்லாமல் வருகிற காமாலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழாநெல்லியைத் தேடிப் போகுமுன் டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமானத்துக்கு உதவுகிற உறுப்பு) கட்டி. அது பித்தக் குழாயை அழுத்தியதால்தான் மஞ்சள். ஸ்டென்ட் (அடைபட்ட குழாயைத் திறந்து வைக்கிற சிறு குழல்) வைத்ததும் கண் வெளுத்தது, அரிப்பு நின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். டாக்டர் அப்படி நினைக்கவில்லை.

"ஆபரேஷன் பண்ற ஸ்டேஜை தாண்டிடுச்சும்மா. கீமோ கொடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

கீமோ (புற்றுநோய் செல்களைக் கொல்ல ஏற்றும் மருந்து) இவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். இனி பாலியேட்டிவ் கேர், அதாவது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் பார்த்துக்கொள்கிற சிகிச்சை. டாக்டர் இதைச் சொல்லி முடித்ததும் இவர் கேட்டார்.

"சார், ஜூன் முதல் வாரம் வரைக்கும் தாங்குமா?"

"ஏன் சார், பொண்ணு கல்யாணமா?"

"அதெல்லாம் எப்பவோ ஆயிடுச்சு. டென்னிஸ் சார். மண்ணுல ஆடுற பெரிய டோர்னமென்ட் வருது."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு பேனாவை மூடி வைத்து, "பார்க்கலாம் சார்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாகப்போகிற மனுஷன் பெண்டாட்டி பிள்ளை கதி என்ன என்று கேட்க மாட்டாரா? ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் திரும்பிப் பார்க்காமலே போய் ஆட்டோ பிடித்தேன்.

இவர் வாழ்நாளில் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. பொத்தேரியில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கேபிள் வந்த காலத்தில் எப்படியோ பிடித்துக்கொண்டது. அதிலும் மண் தரை ஆட்டம்தான் வேண்டும். "புல்லுல பந்து வழுக்கிகினு போயிடும். மண்ணுல நின்னு வரும். ஓடிப்போய் எடுக்க இன்னொரு சான்ஸ் கீது" என்பார்.

ஆட்டம் ஓடும்போது டிவி இருக்கிற ஹாலில் எனக்கு மட்டும் இடமில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் காப்பியோடு உள்ளே போனேன். ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட் வேண்டிய நேரம். அப்போது இவருக்குப் பிடித்த ஆள் சர்வீஸை இரண்டு முறையும் வலையில் அடித்து, ஆட்டத்தையே விட்டுவிட்டான். அடுத்த வருடமும் நான் நுழைந்தேன், அவன் தோற்றான். அவ்வளவுதான், "கஸ்தூரி, நீ உள்ள வராத" என்று சட்டம் போட்டாகிவிட்டது. எங்கள் மகள் திவ்யா வளர்ந்ததும் அப்பாவுக்குக் காவல்காரி ஆனாள். ஆட்டம் திரும்பக்கூடிய கட்டம் வந்தாலே, "அம்மா, பிரேக் பாயிண்ட், கிச்சனுக்குப் போ!" என்பாள். கிரிக்கெட் பார்க்கிற வீடுகளில் ஒருத்தர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பார்களே, அந்தக் கதைதான். காப்பியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ராசியில்லாதவள் போட்ட காப்பி மட்டும் எப்படி இனித்ததோ!

மே மாதக் கடைசியில் போட்டி தொடங்கியது. கட்டிலை ஹாலில் போட்டிருந்தோம். அவருக்குக் கால் வீங்கி, வயிற்றில் நீர் சேர்ந்து, முகம் மட்டும் சின்னதாகிக்கொண்டே வந்தது. மார்ஃபின் (கடும் வலிக்குக் கொடுக்கிற மருந்து) கொடுத்தால் பாதி நேரம் தூக்கம். ஆனால் மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஆட்டம் ஆரம்பித்தால் கண் திறந்துவிடும்.

அவருக்குப் பிடித்தவன் ஓர் அர்ஜென்டினாக்காரன். முப்பத்தைந்து வயது. பெரிய கோப்பை எதையும் தொட்டதில்லை. "நம்ம ஆளு" என்றுதான் சொல்வார், பேர் சொல்ல மாட்டார். அவன் முதல் சுற்றில் ஜெயித்தான். அன்று இவர் இரண்டு இட்லி சாப்பிட்டார். இரண்டாவது சுற்றிலும் ஜெயித்தான். அன்று வலி குறைவு, திவ்யாவிடம் வீடியோவில் சிரித்துப் பேசினார்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. அவன் ஜெயிக்கிறவரை இவர் இருப்பார் என்று எனக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது சுற்றன்று மாத்திரையைக்கூட ஆட்டம் தொடங்குமுன்பே கொடுத்துவிட்டு சமையலறைக்கு ஓடினேன். சுவரில் சாய்ந்து சத்தத்தைக் கேட்டேன். மண்ணில் பந்து விழுகிற மொத்தென்ற சத்தம், கூட்டத்தின் இரைச்சல், நடுவில் இவருடைய "ச்சே". கடைசியில் மெலிந்த குரலில் "அடி சக்கை!" என்றார். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நான்காவது சுற்று இழுத்துக்கொண்டே போனது. ஆண்கள் ஆட்டத்தில் ஐந்து செட்டில் மூன்றை எடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டாகி, கடைசிச் செட் வந்துவிட்டது. வெளியே வெயில் இறங்கிவிட்டது. கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

"கஸ்தூரி, இங்க வா."

வலியோ என்று பதறி வாசற்படி வரை போனேன். "மாத்திரை வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். வந்து உக்காரு."

"மேட்ச் முடியட்டும்ங்க."

"இப்ப வா."

"நான் வந்தா அவன் தோத்துடுவான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தோத்தா தோக்கட்டும்டி. அவன் இன்னா நமக்கு மாமனா மச்சானா? ஒண்டியா எவ்ளோ நேரம் பாக்கறது? வா."

என் கணக்கை அவரிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? போய் உட்கார்ந்தேன். என் கையை எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். வயிறு கல்லாக இருந்தது.

நான் டிவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளி அடித்த கடைசிப் பந்து கோட்டோரம் விழுந்தது. "அவுட்!" என்றார். நடுவர் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, மண்ணில் பந்து பதிந்த தடத்தைப் பார்த்தார். ஸ்கேன் படத்தை டாக்டரும் இப்படித்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நடுவர் உள்ளங்கையைத் தரைக்கு நேராகக் காட்டினார். பந்து உள்ளேதான் விழுந்திருக்கிறது. நம்ம ஆளு தோற்றுவிட்டான்.

"போச்சு" என்றேன்.

"நல்லா ஆடுனான்ல?" என்றார் அவர். "அந்தக் கஞ்சியைக் கொண்டா, பசிக்குது."

மறுநாள் காலை நான் பயந்துகொண்டே கிட்டே போனால், "இன்னிக்கி யார் யாருக்கு மேட்ச்?" என்று கேட்டார். என் கணக்கு அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து இறுதி ஆட்டம் வரை கூடவே உட்கார்ந்து பார்த்தேன். "இவனுங்க சாக்ஸெல்லாம் செம்மண்ணா கீதே, இதை யாருங்க துவைக்கிறது?" என்று அவர் பாணியிலேயே கேட்டேன். சிரித்துவிட்டு, வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அந்த ஹாலில் உட்கார்ந்த சாயங்காலங்கள் அவ்வளவுதான். முதல் மூன்று சுற்றையும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தொலைத்தேனே என்று இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: அவர் இருக்கிற அறைக்குள் போய் உட்காருங்கள்.

ஆடி பிறந்து சில நாளில், ஒரு காலை நேரத்தில் போனார். அப்போது டிவியில் எந்த ஆட்டமும் இல்லை.

இந்த வருடம் மறுபடி அந்தப் போட்டி வந்தது. நம்ம ஆளு இன்னும் ஆடுகிறான். நானும் டிவியைப் போட்டேன். கட்டில் இருந்த இடத்தில் இப்போது சோபா கிடக்கிறது. அவர் பக்கத்தை விட்டுவிட்டு ஓரமாகத்தான் உட்காருகிறேன். முன்பெல்லாம் அவருடைய மாத்திரை வேளைகளை வைத்தே எனக்குப் பொழுது போகும். டென்னிஸுக்குக் கடிகாரம் கிடையாது, முடிகிறபோதுதான் முடியும். இப்போது என் சாயங்காலங்களும் அப்படித்தான் நீள்கின்றன.

ஆட்டம் இறுகியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டன. சமையலறையில் போய் நின்ற பிறகுதான் எழுந்து வந்திருப்பதே தெரிந்தது. சுவரில் சாய்ந்து காதைக் கொடுத்தேன். பந்துச் சத்தம் கேட்டது, கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

யாரும் கூப்பிடவில்லை. நானே வந்து உட்கார்ந்தேன்.